படகில் தூங்கிய குழந்தை

இதை எழுத எனக்கு இத்தனை வருஷமாகத் துணிச்சல் வரவில்லை. எங்கள் பக்கத்து நூலகத்தில் எப்போதாவது பெண்களைக் கூட்டிவைத்து, உங்கள் மனதைத் தொட்ட புத்தகம் எது என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்பார்கள். என் முறை வரும்போது நான் எழுந்து, தினமும் விளக்கேற்றி வைத்துப் படிக்கும் பாராயணப் புத்தகத்தின் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அது பொய் இல்லை. அந்தப் புத்தகம்தான் என்னைக் கரையேற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி வாய் மூடும்போதெல்லாம் இன்னொரு புத்தகம் நெஞ்சுக்குள் புரண்டு படுக்கும்.

அது வாரப் பத்திரிகையில் வந்த ஒரு தொடர்கதை. பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு போட்டது. படித்தவர்கள் அதை இலக்கியம் என்று ஒப்புக்கொள்வார்களா, தெரியாது. பத்தாவதோடு நின்றுபோனவள் நான். அதை எடைபோட எனக்குத் தெரியாது. அதனால் அதன் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் நீங்கள் கதையை எடைபோடப் போய்விடுவீர்கள்.

கூச்சம் மட்டும் காரணமில்லை. இதில் வருவது என் சித்தியின் துக்கம். அதை எடுத்து வெளியே வைக்க நான் யார் என்ற எண்ணம்தான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. போன மாதம் சித்தியிடமே கேட்டேன். "எழுதேன். அத்த பொத்தி வெச்சி இன்னா ஆவப்போவுது?" என்றாள். அதன்பிறகும் பல நாள் தள்ளிப்போட்டு, இன்று காலை பெருமாளுக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

சித்தி என் அம்மாவுக்கு ஒரே தங்கை. நாங்கள் அப்போது நூம்பலில் இருந்தோம். சித்தியை ஐயப்பன்தாங்கலில் கொடுத்திருந்தது. சித்தப்பா பஸ் கண்டக்டர். கல்யாணமான பிறகு இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது முறை உண்டானபோது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எழுந்து நடக்கக் கூடாது, குனியக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும், தலையைவிடக் கால் உயரமாக இருக்க வேண்டும். இரண்டு அறை கொண்ட எங்கள் வீட்டில் முன்னறையில் இரும்புக் கட்டிலைப் போட்டு, கால்மாட்டில் செங்கல்களை அடுக்கித் தூக்கி வைத்தார் அப்பா. அம்பத்தூரில் பட்டறை வேலை பார்த்தவர் அவர். கட்டில் ஆடுகிறதா என்று திரும்பத் திரும்ப அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் சித்தியைப் படுக்கவிட்டார்.

"இன்னா மச்சினிச்சி, வௌவாலு கணக்கா தொங்கறியா?" என்றார்.

"சிரிக்க வெக்காதீங்க மாமா. டாக்டரம்மா சிரிக்கவும் கூடாதுன்னு சொல்லிருந்தாலும் சொல்லிருக்கும்" என்றாள் சித்தி.

கோடை விடுமுறை. நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். சித்திக்குத் தண்ணீர் கொடுப்பதும் விசிறுவதும் என் வேலை. வீட்டில் எல்லோருடைய மூச்சும் அந்த வயிற்றின்மேல்தான் இருந்தது. அம்மா தினமும் கோயிலிலிருந்து துளசித் தீர்த்தம் கொண்டுவந்து சித்தியின் வாயில் விட்டு, மிச்ச ஈரக் கையை வயிற்றின்மேல் வைத்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள். சித்தப்பா லீவு நாளில் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். ஒன்றும் பேசமாட்டார். பஸ்ஸில் நாள் முழுக்கக் கத்துகிற மனிதர் அங்கே வந்தால் ஊமை.

படுத்தே கிடந்தால் மனசு எங்கெங்கோ போகும் என்பதால் ஏதாவது படித்துக் காட்டலாம் என்று முடிவானது. சித்திக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். ஆனால் பிள்ளைத்தாய்ச்சி கையைத் தூக்கிப் பிடித்தால் கொடி சுற்றிக்கொள்ளும் என்று அம்மாவுக்கு ஒரு பயம். பாரமான புத்தகத்தை வயிற்றில் சாய்த்துவைக்கவும் விடமாட்டாள். ஆகவே படிக்கிற வேலையும் என்னிடம் வந்தது. காலையில் பாராயணப் புத்தகம். அதில் சித்திக்கும் மறுப்பில்லை. மத்தியானத்துக்கு அவளே ஒன்று கேட்டாள்.

"பரண் மேல ஒரு பைண்டு பொஸ்தகம் கீது பாரு, செவப்புத் துணி ஒட்டினது. அத்த எடுத்தா கண்ணு."

தூசி தட்டி எடுத்துவந்தேன். "நீ படிச்சிருக்கியா சித்தி?" என்று கேட்டேன்.

"எப்பவோ. மறந்து பூட்டுது."

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. வயிற்றில் இருக்கிற பிள்ளையின் காதில் கண்ட கதையும் விழலாமா என்று கேட்டாள். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டு ஒப்புக்கொண்டாள். அந்த நிபந்தனையை நான் கொஞ்சம் விளக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் பாராயணம் நடக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்குப் படிக்க வேண்டிய பகுதி துக்கமான இடத்தில் முடிந்தால் அங்கே நிறுத்தமாட்டார்கள். ஒரு நல்ல சேதி வரும்வரை தொடர்ந்து படித்துவிட்டுத்தான் கற்பூரம் காட்டுவார்கள். நடுவில் நிறுத்தினால் சுவாமியை அந்தத் துன்பத்திலேயே மறுநாள் வரைக்கும் தனியாக விட்டுவிட்டு நாம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினது போலாகும் என்பது பெரியவர்கள் சொன்ன நியாயம். அந்த விதியைத்தான் அம்மா எங்கள் தொடர்கதைக்கும் போட்டாள். எதைப் படித்தாலும் சரி, கஷ்டத்தில் நிறுத்தக் கூடாது.

தொடர்கதை படித்தவர்களுக்கு இதில் என்ன சிக்கல் என்று புரியும். ஒவ்வொரு வாரமும் கஷ்டத்தில்தானே அதை நிறுத்துவார்கள்! கதவு தட்டப்படும்; யார் என்று தெரியாது. பாம்பு காலருகில் வரும். ரயில் கிளம்பிவிடும், கதைப்பெண் வந்து சேர்ந்திருக்கமாட்டாள். அத்தியாயம் முடிந்தது என்று நான் புத்தகத்தை மூடப்போவேன். முருங்கைக்கீரையை ஆய்ந்தபடி அடுப்படி வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மா விடமாட்டாள்.

"அந்தப் பாம்பு இன்னாச்சி? அது போற வரிக்கும் படி."

பாம்பு போய்விடும். அதற்குள் மாமியார் வந்திருப்பாள். மாமியார் போவதற்குள் கடன்காரன். எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். வேலை முடிந்து வந்த அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்பார்.

"இன்னாமே இது, உங்க கதைல ஒரு நாளாச்சும் யாராவது சோறு துன்னுட்டு நிம்மதியா தூங்கறாங்களா?"

அப்பா விளையாட்டுக்குச் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். கதையில் யாராவது சாப்பிட உட்கார்ந்தால் அது நல்ல இடம். அங்கே நிறுத்தினால் அம்மா ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே காலையிலேயே புத்தகத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், அன்றைக்கு எங்கே சாப்பாடு வருகிறது என்று முன்கூட்டியே படித்துத் தேடி வைத்துக்கொள்வேன். ஒரு புத்தகத்தை எனக்காக நான் படித்தது அப்படித்தான் ஆரம்பித்தது. சோறு தேடிப் போய்க் கதையில் மாட்டிக்கொண்டேன்.

அப்படித் தேடிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் படகு அத்தியாயம் வந்தது.

கதைப்பெண்ணுக்கு ஒரு கைக்குழந்தை. அதற்குக் காய்ச்சல். ஆற்றில் வெள்ளம். அக்கரையில் வைத்தியர். வயசான படகோட்டி ஒருவன் சம்மதித்து அவளை ஏற்றிக்கொள்கிறான். பாதி ஆற்றில் குழந்தை அவள் மடியிலேயே அடங்கிவிடுகிறது. அவள் கத்தவில்லை. படகோட்டியிடம் சொல்லவும் இல்லை. துணியை இழுத்துக் குழந்தையின் முகம்வரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். படகோட்டிக்குத் தெரியாது. அவன் துடுப்புப் போட்டுக்கொண்டே, "இதோ வந்துட்டோம் கண்ணு, இதோ வந்துட்டோம்" என்று குழந்தைக்குச் சொல்லிக்கொண்டே வருகிறான். படகு கரை தட்டுகிறது. அத்தியாயம் முடிந்தது.

கொல்லையில் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து அதைப் படித்தேன். அடுத்த அத்தியாயத்தைப் புரட்டினேன். யாரும் சாப்பிடவில்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. இதை எப்படிச் சித்திக்குப் படிப்பது? கால்மாட்டில் செங்கல் வைத்துப் படுத்திருக்கிறவளுக்கு? அம்மாவிடம் சொன்னால் புத்தகத்தையே பிடுங்கிப் பரணில் போட்டுவிடுவாள். சித்தி ஏன் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

மத்தியானம் வந்தது. நான் படகைத் தள்ளினேன். பாதி ஆறு வந்தது. அந்த இடத்தில், கண்ணைப் புத்தகத்தைவிட்டு எடுக்காமலே, குழந்தைக்கு வியர்த்துக் காய்ச்சல் விட்டது என்று படித்தேன். குழந்தை வீலென்று அழுதது. படகோட்டி சிரித்தான். அக்கரையில் அவன் பெண்சாதி எல்லோருக்கும் சுடச்சுடக் கஞ்சி ஊற்றினாள்.

"நல்ல எடம், அங்கயே நிறுத்து" என்றாள் அம்மா. சித்தி விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

அன்றைக்கு எனக்கிருந்த பெருமையைச் சொல்லி முடியாது. ஆனால் பிழைக்க வைத்துவிட்டால் வளர்க்கவும் வேண்டும் என்பது மறுநாள்தான் தெரிந்தது. புத்தகத்தில் இல்லாத குழந்தை என்னிடம் இருந்தது. கதைப்பெண் பட்டணத்துக்குப் போகிறாள். குழந்தையை யார் தூக்கிக்கொள்வது? அவள் நெல் குத்தும் வேலைக்குப் போகிறாள், குழந்தை எங்கே? எனக்கு வேறு வழி தெரியவில்லை. குழந்தை வர வேண்டிய இடத்திலெல்லாம், "அப்போது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது" என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுவேன். சண்டை நடக்கும், மழை பெய்யும், கோர்ட்டில் வழக்கு நடக்கும். குழந்தை தூங்கிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் சித்தி கேட்டாள்.

"இன்னாடி இது, இந்தக் கொயந்த எப்பப் பாரு தூங்கிகினே கீது? கொஞ்சம் எயுப்பி உடேன்."

கண்டுபிடித்துவிட்டாளோ என்று நிமிர்ந்து பார்த்தேன். ஆனால் அவள் முகத்தில் கோபம் இல்லை. மறுநாள் குழந்தையைத் தவழவிட்டேன். அதற்கு அடுத்த நாள், "பல்லு மொளைச்சிச்சா அதுக்கு?" என்று கேட்டாள். கீழே இரண்டு பல் முளைத்தது. அப்புறம் எந்த அத்தியாயமானாலும் அவள் கதைப்பெண்ணைப் பற்றி விசாரிப்பதில்லை. குழந்தை என்ன சாப்பிட்டது, யாரைப் பார்த்துச் சிரித்தது என்றுதான் கேட்பாள். நானும் எங்கள் தெருவில் இருந்த கைக்குழந்தைகளையெல்லாம் போய்ப் பார்த்துவந்து, அவை செய்வதையெல்லாம் அதற்குச் செய்யவைத்தேன். என் சித்தியை ஏமாற்றிக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு காலை நேரத்தில் சித்திக்கு வலி வந்தது. இன்னும் மாதம் நிறையவில்லை. அப்பா ஓடிப்போய் வேலப்பன்சாவடி ரோட்டிலிருந்து ஒரு வாடகைக் காரைப் பிடித்துவந்தார். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போனார்கள். குழந்தை பிறந்ததாம். அழுததாம். அன்று சாயங்காலம் வரைக்கும் இருந்ததாம். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்மா வேறொருத்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

சித்தியை மறுபடி எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தார்கள். அவள் வருவதற்கு முன்பே அப்பா கட்டிலை இறக்கி, செங்கல்களைக் கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். அம்மா துளசித் தீர்த்தச் சொம்பைக்கூடக் கண்ணில் படாமல் எடுத்து வைத்தாள். யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டது. பார்க்க வந்தவர்களும் பேசவில்லை. வெயிலைப் பற்றிப் பேசினார்கள். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டதைப் பற்றிப் பேசினார்கள். ஒருத்தி மட்டும் போகும்போது, "வுடும்மா, வயசா பூட்டுது? அடுத்த வருசமே பாரு" என்றாள். சித்தி தலையாட்டினாள். அவள் அழவே இல்லை. கொடுத்ததைச் சாப்பிட்டாள். சித்தப்பா வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார், போனார். அழாமல் இருக்கிறாளே என்று அம்மாதான் அடுப்படியில் அப்பாவிடம் அழுதாள்.

ஒரு மத்தியானம் சித்தி என்னைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பொஸ்தகத்த எடுத்தா. படகு வருதே, அத்த படி."

நான் படித்தேன். படகு கிளம்பியது. பாதி ஆறு வந்தது. குழந்தைக்கு வியர்த்துக் காய்ச்சல் விட்டது என்று ஆரம்பித்தேன். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அது வேணாம் கண்ணு. அதுல இன்னா போட்டுகீதோ அத்த படி."

நான் அந்த வரியிலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தேன்.

"வாராவாரம் கியிச்சி கியிச்சி சேத்து, பூந்தமல்லில குடுத்து பைண்டு போட்டவளே நான்தாண்டி. எனக்குத் தெரியாதா? மாத்தாம படி."

படித்தேன். குழந்தை அடங்கியதைப் படித்தேன். துணியை முகம்வரை இழுத்ததைப் படித்தேன். இதோ வந்துட்டோம் கண்ணு, இதோ வந்துட்டோம் என்று படகோட்டி சொல்வதைப் படித்தேன். படகு கரை தட்டியது. நிறுத்தினேன். அப்போதுதான் அம்மா வாசலில் நிற்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நின்றாளோ. முகம் வெளுத்திருந்தது.

"அறிவு கீதா உனக்கு? எத்தப் படிக்கற?" என்று என்னை அடிக்க வந்தாள். பிறகு சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினாள். அந்த நேரத்திலும் அவள் விதியை மறக்கவில்லை. "சரி, படிச்சது படிச்சிட்ட. அங்க நிறுத்தாத. நல்லது வர்ற வரிக்கும் படி. தோ, நான் உக்காந்துக்கறேன், படி" என்று கெஞ்சுகிற மாதிரிச் சொன்னாள்.

நான் பக்கத்தைப் புரட்டினேன். சித்தி புத்தகத்தின்மேல் கையை வைத்தாள்.

"வேணாம் அக்கா. அவ அந்தப் படகுலயே இருக்கட்டும். நானும் அங்கதான கீறேன்."

கோயில் வழக்கத்தை ஒருநாளும் மீறாத என் அம்மா, என் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்திலேயே மூடினாள். பிறகு கட்டிலில் ஏறி உட்கார்ந்து தங்கையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். சித்தி அப்போதுதான் அழுதாள். அதுவரை அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. அவள் ரவிக்கையின் முன்பக்கம் முழுக்க நனைந்துபோயிற்று. கண்ணீர் இவ்வளவு வருமா என்று நினைத்துக்கொண்டேன். அவளிடமிருந்து மல்லிகைப்பூ வாசனை வேறு அடித்தது. தலையில் பூ இல்லையே, எங்கிருந்து வருகிறது என்று அவள் கூந்தலைப் பார்த்தேன்.

பிறகு பள்ளிக்கூடம் திறந்தது. சித்தி ஊருக்குப் போனாள். போகும்போது அந்தப் புத்தகத்தை என்னிடமே கொடுத்துவிட்டாள். அதைத் தொட்டுத்தான் நான் படிக்கக் கற்றேன் என்று சொல்ல வேண்டும். பத்தாவதோடு படிப்பு நின்றாலும் புத்தகம் நிற்கவில்லை. நூலகத்தில் தடித்தடியான நாவல்களை எடுத்துவந்து, அரிசி ஊறும் நேரத்திலும் குழந்தைகள் தூங்கும் நேரத்திலும் படித்திருக்கிறேன். சிலது புரியும், சிலது புரியாது. நன்றாக முடிகிற கதை, மோசமாக முடிகிற கதை என்று நான் பிரிப்பதில்லை. துக்கத்தில் இருக்கிறவர்கள் பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிறாற்போல அந்தக் கதைக்காரர் எழுதியிருக்கிறாரா என்று மட்டும் பார்ப்பேன். பாராயணத்தில் இன்றைக்கும் நல்ல சேதி வரும்வரைதான் படிக்கிறேன். அது சுவாமிக்கு. எங்கே நிறுத்த வேண்டும் என்பது மனுஷருக்கு ஆளாளுக்கு வேறு என்று பெருமாளுக்கும் தெரியும்.

எனக்குக் கல்யாணமாகி மூத்தவள் பிறந்தாள். ஒருநாள் அவளை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனேன். வழியில் வேறு யாருடைய குழந்தையோ அழுதது. நின்ற இடத்திலேயே என் ரவிக்கை நனைந்தது. அப்போதுதான், அத்தனை வருஷம் கழித்து, நடுத்தெருவில் எனக்கு அது புரிந்தது. சித்திக்கு அன்றைக்கு நனைந்தது கண்ணீரால் மட்டுமல்ல. பால் கட்டினால் வலி பொறுக்காது. அது வற்றிப்போவதற்காக மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவார்கள் என்று அம்மா பிறகு சொன்னாள். குடிக்கப் பிள்ளை இல்லாமல் பால் சுரந்துகொண்டிருந்தவளிடம் உட்கார்ந்துகொண்டுதான், பூ எங்கே என்று நான் தலையைத் தேடியிருக்கிறேன்.

இவ்வளவுதான் நடந்தது. இதைப் படித்தவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாரிடமாவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல், இருக்கிறபடியே சொல்லுங்கள். கேட்கிறவர்கள் கட்டாயம் ஒன்று கேட்பார்கள்: அந்தச் சித்திக்குப் பிறகு குழந்தை பிறந்ததா? மனசு கேட்காது, எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர்களிடம், இதை எழுதினவள் அதை எழுதவில்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.